நுரையக்கா கழுவிய பறவைகள்

நுரையக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது ஆஸ்பத்திரி நர்சுகள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. ரத்தம், சீழ், மருந்து என்று எந்தக் கறையானாலும் அது துணியை விட்டு இறங்கும்வரை அவளும் அதை விடமாட்டாள். முழங்கைவரை நுரையோடு வராந்தாவில் நடந்து வந்தால், "அக்கா வராங்க, வழி விடுங்க. இல்லேன்னா நம்மளையும் முக்கி எடுத்துடுவாங்க" என்று நர்சுகள் கேலி பேசுவார்கள். அவளும் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவாள். கடல் கறுத்துப்போன அந்த வருஷம்வரைக்கும் அவள் அப்படித்தான் இருந்தாள்.

அவள் கணவருக்கு எண்ணெய்க் கிடங்கில் வேலை. பம்பு ஹவுஸ் ஆபரேட்டர். கப்பல் வந்து நின்றதும், கடலுக்கடியில் ஓடும் குழாய் வழியாக எண்ணெயைக் கரைக்கு இழுத்துத் தொட்டிகளில் நிரப்பவேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் தாமதமாகப் போனதில்லை, மேலதிகாரியிடம் ஒரு சொல் வாங்கியதில்லை. வீட்டிலும் அதே ஆள்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் எழுந்துபோய் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு வருவார். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு காவல் நாயை வளர்த்திருக்கலாம், அதுவாவது எப்பவாவது தூங்கும்" என்று அவள் சொல்லுவாள்.

அன்று காலை ஆறு மணி சுமாருக்கு, ஷிப்டு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, பம்பு ஹவுஸில் மணி அடித்தது. குழாயில் அழுத்தம் குறைந்தால் அடிக்கிற மணி. மூன்று மாதமாகவே அது காரணமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தார். பார்க்கலாம் என்று பதில் வந்தது, யாரும் வந்து பார்க்கவில்லை. அதனால் அன்றைக்கும் கையை நீட்டி மணியை நிறுத்திவிட்டுப் பம்பை ஓடவிட்டார். நாற்பது நிமிஷம் கழித்து ஒரு படகிலிருந்து யாரோ போனில் கத்தியபோதுதான் குழாய் வெடித்திருப்பது தெரிந்தது.

நாற்பது நிமிஷத்தில் எவ்வளவு எண்ணெய் போயிருக்கும் என்பது மற்றவர்களுக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவருக்கு அந்த நிமிஷமே மனக்கணக்காகத் தெரியும். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்தார். காற்று கரைப்பக்கமாக அடித்ததில் இரண்டாம் நாள் எண்ணெய் உப்பங்கழிக்குள் புகுந்து நாணல் காடு முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாம் நாள் பேப்பரில், 'பணியிலிருந்த ஊழியரின் கவனக்குறைவு' என்று போட்டிருந்தார்கள். பெயர் போடவில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று கிடங்கிலிருந்து கடிதம் வந்தது.

நான்காம் நாள் தொழிற்சங்கத்து வக்கீல் வீடு தேடி வந்தார்.

"மணி அடிக்கவேயில்லைன்னு சொல்லிடுங்க" என்றார். "அது ரிப்பேர்னு நீங்க ரெண்டு தடவை எழுதிக் கொடுத்த காகிதம் என் கையில இருக்கு. அங்க இருக்கிறது பழைய கண்ட்ரோல் பலகை, எப்ப அடிச்சுது, எப்ப நின்னுதுன்னு எதுவும் பதிவாகாது. அடிக்கலைன்னா அடிக்கலதான். உங்க மேல ஒரு தூசி விழாது."

அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்து, "அம்மா, வக்கீல் சொல்றபடி கேட்கச் சொல்லு. அப்பா பாட்டுக்கு ஏதாவது வாயைக் கொடுத்து மாட்டிக்கப் போறார்" என்றாள். இவர் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. தட்டை வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு வாய் உள்ளே போனால் பெரிது.

ஐந்தாம் நாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் ஒரு தட்டி கட்டியிருந்ததை அவள் பார்த்தாள். கடற்கரையைச் சுத்தம் செய்யவும் பறவைகளைக் கழுவவும் ஆட்கள் தேவை. கழுவ என்ற சொல்லில் அவள் கண் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, சேர்த்து வைத்திருந்த லீவு அத்தனையையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். பரிகாரம் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அந்த மேஜை இருக்கிற வீட்டில் இன்னொரு நாள் இருந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

படகு பழுதுபார்க்கிற பெரிய கொட்டகை ஒன்றைப் பறவைகளுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். வாசலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து ஆட்களைப் பதிந்துகொண்டிருந்தார்.

"பேர்?"

சொந்தப் பெயரைச் சொன்னால் கணவர் பெயரும் கூடவே வரும்.

"ஆஸ்பத்திரியில நுரையக்கான்னு கூப்பிடுவாங்க."

கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இங்க ஏற்கெனவே ஒரு மொட்டைச் சித்தப்பா இருக்கார், ஒரு மீசை வாத்தியார் இருக்கார். நீங்களும் வாங்க" என்று அப்படியே எழுதிக்கொண்டார்.

வெள்ளை அங்கி, ரப்பர் பூட்ஸ், இரண்டு அடுக்குக் கையுறை. மணிக்கட்டைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. அவள் கணவர் சட்டையில் இருபத்திரண்டு வருஷமாக இழையாக வந்துகொண்டிருந்த அதே வாடை, இங்கே கூரைவரை நின்றது.

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். நான்கு நாளாகத் தூங்காத கண். அவள் சொன்னது கொஞ்சம்தான்: "பேசக்கூடாது. அவசியம்னா கிசுகிசுன்னு பேசுங்க. பறவைக்கு நம்ம குரலே பயம். வந்தவுடனே கழுவக்கூடாது. ஒருநாள் சூட்டில வச்சு, குழாய் வழியா தண்ணி கொடுத்து, கொஞ்சம் தெம்பு வந்தப்புறம்தான். எண்ணெயில செத்ததைவிட அவசரப்பட்டுக் கழுவிச் செத்தது அதிகம்."

ஒரு பறவைக்கு இரண்டு பேர். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி கழுவ. வரிசையாக ஏழு தொட்டி வெந்நீர். முதல் தொட்டியில் தண்ணீர் கறுத்ததும் இரண்டாவதற்கு, பிறகு மூன்றாவதற்கு. தலைக்குப் பல் தேய்க்கிற பிரஷ். கடைசியில் பீய்ச்சி அலசும்போது இறகின்மேல் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடினால் சோப்பும் போய்விட்டது என்று அர்த்தம். நுரையக்காவின் கைகளுக்கு இது யாரும் சொல்லித்தரவேண்டாத வேலை. அன்று மாலைக்குள் டாக்டரே பக்கத்தில் வந்து நின்று அவள் விரல்கள் போகிற போக்கைப் பார்த்தாள்.

அவளோடு ஜோடி சேர்ந்தவள் உப்பங்கழியில் சிப்பி பொறுக்கிப் பிழைக்கிறவள். நாற்பது வயதிருக்கும். கணவன் இல்லை, சேற்றில் இறங்கி இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சிப்பிக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் சிப்பி எடுத்த திட்டு இப்போது ஒரு முழ ஆழத்துக்குத் தாராக இருந்தது. வேறு வேலை இல்லாததால் இங்கே வந்துவிட்டாள். வாயாடி. ஆனால் கொட்டகையில் சத்தம் போடக்கூடாது என்பதால், ஆளைத் திட்டுவதைக்கூடக் காதோடு காதாக ரகசியம் சொல்கிற மாதிரி சொல்லுவாள்.

"அடங்குடி ராணி" என்று ஒரு நீர்க்காகத்தின் அலகைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுப்பாள். "உன்னைக் குளிப்பாட்டி விட ரெண்டு ஆளு. என்னை எங்கம்மாகூட இப்படிக் குளிப்பாட்டினதில்ல."

நுரையக்காவுக்குச் சிரிப்பு வரும். அடுத்த நிமிஷம் அதே கிசுகிசுப்பில் இதுவும் வரும்:

"அந்தப் பம்பு ஹவுஸ்காரன் இருக்கானே, மணி அடிச்சும் எந்திரிக்காம தூங்கினானாமே. அந்தக் கை விளங்காமப் போக. அவன் வீடு விளங்குமா அக்கா, நீயே சொல்லு."

நுரையக்கா நுரைக்குள் கையை விட்டபடி, "இறக்கையை இப்படித் திருப்பு" என்பாள். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் தூங்கவில்லை என்று சொல்லவா? இப்படியே தினமும் நடந்தது.

முதல் நாள் மாலை அவள் வீட்டுக்குப் போனதும் அவர் தலையைத் தூக்கினார். வாடை அவள் தலைமுடியில் இருந்தது. எங்கே போயிருந்தாள் என்று கேட்கவே இல்லை.

"எத்தனை?" என்றார்.

ஐந்து நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

"பன்னெண்டு கழுவினோம்."

"பொழைச்சுதா?"

அந்தப் பன்னிரண்டில் ஏழு, அவள் கிளம்புவதற்குள்ளேயே போய்விட்டது. உலர்த்துகிற கூண்டில், துண்டின்மேல், கழுத்தை ஒருபக்கமாகப் போட்டுக்கொண்டு. கடைசியாகப் போன ஆலாப் பறவை அவள் கையிலேயே போனது.

"எல்லாம் நல்லா இருக்குங்க" என்றாள்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றைக்குப் பாதித் தட்டு காலியானது. சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய், சுவரிலிருந்த காலண்டரில் அன்றைய தேதிக் கட்டத்துக்குள் பன்னிரண்டு என்று எழுதினார்.

பொய் அப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாள் பதினேழு. அதற்கடுத்த நாள் இருபத்தொன்று. டாக்டர் தினமும் மாலையில் கொட்டகைப் பலகையில் மூன்று எண் எழுதுவாள்: வந்தது, போனது, இருப்பது. அந்தப் பலகையைக் கடந்து வந்த சூட்டோடு வீட்டில் வேறு எண்ணைச் சொல்லவேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வரும்போது நினைப்பாள். கதவைத் திறந்தால் அவர் காத்துக்கொண்டிருப்பார். முகத்தில் கொஞ்சம் களை வந்திருக்கும். நாக்கு எழாது.

ஒருநாள் அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"இறகுல தார் மாதிரி இறுகிப்போயிருக்குமே, அதை என்ன பண்றீங்க?"

"சோப்புதான். இளகவே மாட்டேங்குது. தேய்க்கத் தேய்க்க இறகுதான் கையோட வருது."

"சோப்புக்கு அது போகாது. கனமான எண்ணெய். எங்க கையில ஒட்டினா நாங்க முதல்ல சமையல் எண்ணெய் தேய்ப்போம். இளகிடும். அப்புறம் சோப்பு. எண்ணெய் வெதுவெதுப்பா இருக்கணும்."

மறுநாள் அவள் ஒரு பாட்டில் சமையல் எண்ணெய் கொண்டுபோனாள். தார் கல்லாக இறுகிப்போன முக்குளிப்பான் ஒன்றுக்குத் தடவிவிட்டு, சற்றுப் பொறுத்துத் துடைத்தால் தார் துணியோடு வந்தது. டாக்டர் கூப்பிட்டுக் கேட்டாள், "யார் சொன்னது?"

"வீட்டுக்காரர்."

"என்ன பண்றார்?"

"மெஷின் வேலை. சும்மாதான் இருக்கார் இப்ப."

அன்றிலிருந்து எல்லாத் தொட்டி வரிசையிலும் முதல் வேலை சமையல் எண்ணெய் என்று ஆனது. இருந்தாலும் பறவைகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. வெளியே கழுவ முடிகிறது, உள்ளே விழுங்கியதைக் கழுவ முடியவில்லை என்று டாக்டர் சொன்னாள். குளத்தில் மிதக்க விட்டுச் சோதிக்கும்போது நன்றாக நீந்துகிற பறவை மறுநாள் காலை கவிழ்ந்து கிடக்கும். சிப்பிக்காரி ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பாள். அப்போது மட்டும் அவள் வாய் மூடியிருக்கும்.

ஏழு வாரம் போனது. வீட்டுக் காலண்டரில் இருநூற்று எழுபதுக்கு மேல் சேர்ந்திருந்தது. எண்ணெய் படாத வடக்குக் கரையில் ஒரு காலை பறவைகளை விடப்போவதாகவும், வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றும் டாக்டர் சொன்னாள். நுரையக்கா வீட்டில் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் தெருவில் தட்டி வைத்துவிட்டார்கள்.

"நானும் வரேன்" என்றார் அவர்.

"வேண்டாங்க. கூட்டமா இருக்கும்."

"ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன். அத்தனையும் ஒண்ணா பறக்கிறதை ஒரு தடவை பாத்துட்டா போதும் எனக்கு."

அன்று காலை அவர் சவரம் செய்துகொண்டார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வழியில் சொல்லிவிடவேண்டும் என்று நான்கு நிறுத்தம் யோசித்தாள். ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்கவேண்டியதாகிவிட்டது.

கரையில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். சிப்பிக்காரி தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கொட்டகைக்கு வெளியே என்பதால் குரல் முழுசாக வந்தது.

"இவர்தானா அண்ணன்? அந்த சமையல் எண்ணெய் யோசனை உங்களோடதாமே? இன்னிக்குப் போறதுல பாதி உங்களாலதான் போகுது. உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் அண்ணே." சொல்லிவிட்டு அவர் வலது கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரையக்கா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணலில் ஆறு பெட்டி வைத்திருந்தார்கள். டாக்டர் கை காட்ட, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். முதல் ஆலா பெட்டி விளிம்பில் நின்று யோசித்துவிட்டு எழும்பியது. பிறகு மற்றவை. நீர்க்காகங்கள் மணலில் ஓடித் தண்ணீரில் விழுந்து முங்கின. யாரும் கைதட்டவில்லை, தட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆறாவது பெட்டி காலியானதும் கண்டக்டர் அதைக் கவிழ்த்து மணலைத் தட்டினார்.

அவள் கணவர் இன்னும் பெட்டிகள் வந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தது எப்ப வரும்?" என்று கேட்டார்.

"மத்ததா?" என்றாள் சிப்பிக்காரி. அவளுக்குப் புரியவில்லை. "மத்தது ஏது அண்ணே. நானூத்திப் பன்னெண்டு வந்துச்சு. முப்பத்தெட்டு மிச்சம். இதான் அந்த முப்பத்தெட்டு. அக்கா சொல்லலியா?"

அவர் மெல்லத் திரும்பி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நுரையக்கா பின்னாலேயே ஓடினாள். பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள்.

சமையலறையில் அவர் காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றாள் அவள். "நீங்க சாப்பிடணும்னுதான் சொன்னேன். முதல் நாள் சொன்னது, அப்புறம் நிறுத்த முடியல."

"உன் மேல எனக்கு என்ன கோபம்? நீ சொன்னதைத் தின்னுதானே இந்த ஏழு வாரம் உசிரோட இருந்தேன்." தாளைத் தடவினார். "தினமும் அங்க செத்ததை அள்ளிப் போட்டுட்டு வந்து, இங்க எனக்கு இதைச் சொல்லிட்டு... உனக்கு எப்படி இருந்திருக்கும். அதைக்கூட நான் கேட்கல."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அடுப்பு மேடையில் தலையை வைத்து அழுதாள். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தொடுவதற்குக் கையைத் தூக்கினார், பிறகு கீழே போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் விசாரணை. பெரிய கூடம், மர நாற்காலிகள். நுரையக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் மகள் போனில், "அம்மா, எல்லாரும்தான் அங்க பொய் சொல்லுவாங்க, அப்பா மட்டும் ஏன்" என்று அழுதிருந்தாள். வக்கீல் கைப்பையோடு முன்வரிசையில் நிம்மதியாக இருந்தார்.

விசாரணை அதிகாரி கேட்டார், "மணி அடித்ததா?"

"அடிச்சுது."

வக்கீலின் பேனா நின்றது.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நிறுத்தினேன். அது மூணு மாசமா சும்மா அடிச்சிட்டிருந்த மணி. எழுதிக் கொடுத்தேன், சரிபண்ணல. ஆனா அன்னிக்கு எந்திரிச்சுப் போய் அழுத்தமானியைப் பார்த்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. பார்க்கல. களைப்பா இருந்துச்சு." பிறகு, "நான் தூங்கல. அது மட்டும் எழுதிக்குங்க" என்றார்.

மறுநாள் பேப்பரில் அவர் படம் வந்தது.

கொட்டகையில் அப்போது கடைசி வேலை, தொட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பது, நடந்துகொண்டிருந்தது. நுரையக்கா உள்ளே நுழைந்ததுமே பேச்சு நின்றுபோனது. கண்டக்டர் மட்டும் வழக்கம்போலத் தலையசைத்து, நோட்டில் நுரையக்கா என்று எழுதிக்கொண்டார். சிப்பிக்காரி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

வழக்கு ஐந்து மாதம் நடந்தது. கிடங்குக்கு அபராதம் போட்டார்கள். அவர் எழுதிய கடிதங்களைக் கிடப்பில் போட்ட மேலாளர் வேறு ஊருக்கு மாறிப்போனார். அவள் கணவருக்கு ஒரு வருஷ ஜெயில். கூட்டிக்கொண்டு போகிற அன்று அவளைப் பார்த்து, "அடுப்பை அணைச்சதைத் திருகிப் பாரு" என்றார். அவள் சரி என்றாள். தெருவில் இரண்டு வீட்டார் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேலியும் பேசவில்லை. கேலி போனதுதான் அவளுக்கு உறுத்தியது.

மழைக்காலம் தொடங்கியதும் உப்பங்கழியில் நாணல் நட ஆள் கூப்பிட்டார்கள். செத்த நாணலை அறுத்து எடுத்த இடத்தில், வேறிடத்திலிருந்து கொண்டுவந்த கிழங்குகளைச் சேற்றில் ஊன்றவேண்டும். நுரையக்கா ஞாயிறுதோறும் போனாள். மூன்றாவது ஞாயிறு, பக்கத்து வரிசையில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது அது சிப்பிக்காரி.

இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் நின்றார்கள்.

"நான் திட்டினதையெல்லாம் கேட்டுட்டேதான் இருந்தியா அக்கா?" என்றாள் சிப்பிக்காரி.

"ஆமா."

"முதல் நாளே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா என்கூட நின்னு பறவையைப் பிடிச்சிருப்பியா?"

சிப்பிக்காரி யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். பிறகு, "அந்த மனுஷன் கையைப் பிடிச்சு என்னென்னமோ பேசினேன். அதை நெனச்சா ராத்திரியில முழிப்பு வருது. அவரு எண்ணெய் யோசனை சொன்னது நிஜம்தான். என் சிப்பித் திட்டு செத்ததும் நிஜம்தான். ரெண்டையும் ஒரே மனசுல வச்சுக்க எனக்குத் தெரியல அக்கா."

"தெரியவேண்டாம். விடு."

"உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா உன் பக்கத்துல நின்னு வேலை செய்ய முடியல. தப்பா எடுத்துக்காதே."

சொல்லிவிட்டுக் கிழங்குக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நான்கு வரிசை தள்ளிப் போய்க் குனிந்தாள். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு வந்தாள். பிறகு பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கோ துணி ஆலை வேலைக்குப் போய்விட்டதாகக் கண்டக்டர் சொன்னார். சிப்பி திரும்ப வர எட்டு வருஷமோ பத்து வருஷமோ ஆகுமாம். அதுவரை யார் காத்திருப்பது?

நன்னடத்தைக் கழிவு போக, அவள் கணவர் பத்து மாதத்தில் வெளியே வந்தார். கன்னம் ஒட்டி, காது பெரிதாகத் தெரிந்தது. இரண்டு வாரம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மூன்றாவது ஞாயிறு அவள் பூட்ஸை எடுத்தபோது, "எனக்கு ஒரு ஜோடி கிடைக்குமா அங்க?" என்று கேட்டார்.

கண்டக்டருக்கு அவர் யாரென்று தெரியும். நோட்டைப் பார்த்தபடி, "கால் அளவு என்ன?" என்று மட்டும் கேட்டார். பூட்ஸும் கையுறையும் எடுத்துக் கொடுத்து, ஒரு கூடைக் கிழங்கையும் ஒரு மண்வெட்டியையும் நீட்டினார்.

அவள் பிடித்த வரிசையிலேயே அவரும் இறங்கினார். பழக்கமில்லாத சேற்றில் இரண்டு தரம் வழுக்கினார். பழைய வரிசைகளில் பச்சை தலைகாட்டியிருந்தது. மூன்றுக்கு ஒன்று பட்டுப்போய்ப் பழுப்பாக நின்றது. அவர் மண்வெட்டியை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி மண்ணைப் புரட்டினார். குழிக்குள் தண்ணீர் ஊறியது. அதன்மேல் மெல்லிய ஏடு மாதிரி, வானவில் நிறத்தில், எண்ணெய் வந்து நின்றது.

அவர் மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றார். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறமும் அது அங்கேதான் இருந்தது.

"இன்னும் இருக்கே" என்றார்.

"கீழ இருக்கும். டாக்டரம்மா சொன்னாங்க, ரொம்ப வருஷம் இருக்குமாம்" என்றாள் அவள். இந்தத் தடவை அவள் ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. "இந்த மாதிரிக் குழியில நட்டா பிடிக்காது. மூடிட்டு, ஒரு அடி தள்ளித் தோண்டணும்."

அவர் சேற்றை இழுத்து அந்தக் குழியை மூடினார். காலால் மிதித்து மட்டம் செய்தார். ஒரு அடி தள்ளித் தோண்டினார். அதிலும் வந்தது. அதையும் மூடினார். நான்காவது குழியில் தண்ணீர் தெளிவாக ஊறியது. கிழங்கை ஊன்றி, இரண்டு கையாலும் சுற்றிச் சேற்றை அணைத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார். அவள் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கழியில் கடல் தண்ணீர் ஏறுவதற்குள் அன்றைக்கு அவர்களால் பதினோரு கிழங்குதான் நட முடிந்தது.